தெர்மோஸ்டாட்டை மாற்றிய பிறகும் சூடேறும் மியாட்டா: எந்த வழியில் போவது?

என் கார் 1991 மாடல் மாஸ்டா எம்.எக்ஸ்-5. மியாட்டா என்றால்தான் பலருக்குத் தெரியும். 1.6 லிட்டர் எஞ்சின், டர்போ கிடையாது. வீடு சிட்னியின் மேற்குப் புறநகரில். இங்கே கோடை லேசுப்பட்டதல்ல. 2020 ஜனவரி 4 அன்று பக்கத்துப் பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. அந்த வெயிலுக்குப் பயந்துதான், கம்பெனி தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு 71 டிகிரியிலேயே திறக்கும் தெர்மோஸ்டாட் ஒன்றைப் போட்டேன். சீக்கிரம் திறந்தால் சீக்கிரம் குளிரும் என்று நினைத்தேன்.

ஜூலை மாதக் குளிர்காலையில் நெடுஞ்சாலையில் போனால் எஞ்சின் 72 டிகிரியைத் தாண்டவே இல்லை. பிப்ரவரி மதியம் ப்ளூ மவுண்டன்ஸ் ஏற்றத்தில் அதே கார் 108-ஐத் தொட்டது. சூடு வேண்டிய நாளில் சூடு இல்லை, குளிர வேண்டிய நாளில் குளிரவில்லை. இந்த இடத்தில் வந்து நிற்கிறவருக்கு ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அதையே வைத்துக்கொண்டு ஃபேன் சுவிட்சை மாற்று என்பார் ஒருவர். தெர்மோஸ்டாட்டே வேண்டாம், பிடுங்கி எறி என்பார் இன்னொருவர். பழையதற்கே திரும்பு, பெரிய ரேடியேட்டர் போடு, தெர்மோஸ்டாட்டை எஞ்சினின் பின்பக்கத்துக்கு மாற்று என்று இன்னும் மூன்று யோசனைகள் வரும். ஐந்தும் ஏதோ ஒரு காருக்குச் சரியான பதில்தான். என் காருக்கு எது, உங்கள் காருக்கு எது என்பதைப் பிரித்தறியத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

தெர்மோஸ்டாட்டால் ஆவதும் ஆகாததும்

தெர்மோஸ்டாட், எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் வழியில் ஒரு கதவு. உள்ளே மெழுகு அடைத்த சின்னக் குப்பி இருக்கும். சூட்டில் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். இந்தக் காரின் கம்பெனி தெர்மோஸ்டாட் 88 டிகிரி வாக்கில் திறக்க ஆரம்பித்து, 100 டிகிரி வாக்கில் முழுசாகத் திறந்துவிடும். முழுசாகத் திறந்த பிறகு அதற்கு வேலை இல்லை. எஞ்சின் 108 டிகிரியில் இருக்கும்போது 88 டிகிரிக் கதவும் திறந்துதான் இருக்கிறது, 71 டிகிரிக் கதவும் திறந்துதான் இருக்கிறது. அந்த நேரத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. எஞ்சின் எந்தச் சூட்டுக்குக் கீழே போகக் கூடாது என்பதைத்தான் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்கிறது. எந்தச் சூடு வரை ஏறும் என்பது ரேடியேட்டரின் கையிலும் அதற்குள் புகும் காற்றின் கையிலும் இருக்கிறது.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ரேடியேட்டர் வெளியே தள்ளும் சூடு, தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. வெளியே 45 டிகிரி, தண்ணீர் 95 டிகிரி என்றால் வித்தியாசம் 50. அதே வெயிலில் தண்ணீரை 71-லேயே வைத்திருக்க வேண்டும் என்றால் கையில் இருப்பது 26 டிகிரி வித்தியாசம் மட்டும். அதே ரேடியேட்டர், அதே காற்று, ஆனால் தள்ளக்கூடிய சூடு பாதிதான். அதனால்தான் கோடையில் என் எஞ்சின் 71-இல் நிற்காமல் ஏறிக்கொண்டே போய், ரேடியேட்டருக்குத் தாக்குப்பிடிக்கிற ஓர் இடத்தில் போய் நின்றது. அந்த இடம் எது என்பதை நான் போட்ட தெர்மோஸ்டாட் தீர்மானிக்கவில்லை.

இன்னொன்றையும் நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். 1.6 லிட்டர் எஞ்சினில் ரேடியேட்டர் ஃபேனை ஓட்டுவது முன்பக்கம் தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும் கூட்டில் செருகியிருக்கும் ஒரு சுவிட்ச். அது 97 டிகிரி வாக்கில்தான் ஃபேனைப் போடும். நெரிசலில் கார் நிற்கும்போது ரேடியேட்டருக்குக் காற்றே கிடையாது. எனவே தெர்மோஸ்டாட் எதுவாக இருந்தாலும் தண்ணீர் 97 வரை ஏறும், ஃபேன் சுற்றும், இறங்கும், மறுபடி ஏறும். எம்4 நெடுஞ்சாலையில் வண்டி வண்டியாக நிற்கும் மாலை நேரத்தில் என் 71 டிகிரித் தெர்மோஸ்டாட் எனக்குத் தந்த லாபம், சூடேறுவதற்குக் கூடுதலாக ஒன்றிரண்டு நிமிடம். அவ்வளவுதான்.

முடிவெடுக்கும் முன்: கோளாறு வேலையிலேயே இருக்கிறதா?

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் இதைத் தீர்த்துவிட வேண்டும். தெர்மோஸ்டாட்டை மாற்றினால் கூலண்டை, அதாவது நான் தண்ணீர் என்று சொல்லிவரும் குளிர்விப்புத் திரவத்தை, இறக்கி மறுபடி ஊற்றியிருப்போம். ஒரு கேஸ்கட் புதிதாகியிருக்கும். மூடி திறந்து மூடியிருக்கும். மாற்றத்துக்குப் பிறகு வரும் சூட்டுத் தொல்லைகளில் பாதி இங்கேதான் ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் பெரிய ரேடியேட்டர் வாங்கினால் காசுக்குக் கேடு.

எனக்கே முதல் வாரத்தில் இது நடந்தது. கேஜ் ஊசி நடுவைத் தாண்டித் துள்ளியது, பிறகு தானாக இறங்கியது, மறுபடி துள்ளியது. டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம். ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று வந்தது. யாழ்ப்பாணத்துக்காரரான ஒரு நண்பரிடம் போனேன். முப்பது வருட மெக்கானிக். நான் போனில் எடுத்து வைத்திருந்த கேஜ் படங்களை அவர் பார்க்கவே இல்லை.

“ஊசியைப் பாத்து என்ன செய்யப் போறியள் தம்பி? முதல் மேல் ஹோஸைப் பிடிச்சுப் பாருங்கோ.”

பிடித்துப் பார்த்தேன். எஞ்சின் கொதிநிலைக்குப் பக்கத்தில் இருக்க, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. கதவு திறக்கவே இல்லை. அவர் தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றிக் காட்டினார். தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் ஒரு சின்ன ஓட்டையும் அதில் ஆடிக்கொண்டிருக்கும் ஓர் ஊசியும் உண்டு. அடைபட்ட காற்று அந்த ஓட்டை வழியாகத்தான் மேலே தப்பிக்கும். அது மேலே பார்த்து இருக்க வேண்டும். நான் கீழே பார்த்துப் போட்டிருந்தேன். காற்று மேலே சிக்கிக்கொண்டு மெழுகுக் குப்பியைச் சூழ்ந்திருந்தது. மெழுகைச் சுற்றித் தண்ணீர் இல்லாமல் காற்று இருந்தால் அது எப்படி நேரத்துக்கு உருகும்?

திருப்பிப் போட்டோம். காரின் முன்பக்கத்தைத் தூக்கி, ரேடியேட்டர் மூடிதான் எல்லாவற்றுக்கும் மேல் இருக்கும்படி நிறுத்தினோம். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடியே குளிர்ந்த எஞ்சினை ஓட விட்டு, ஹோஸ்களைப் பிசைந்து பிசைந்து குமிழிகளை வெளியேற்றினோம். இந்த எஞ்சினுக்கு மொத்தக் கூலண்ட் 6 லிட்டர். முதல் தடவை நான் ஊற்றியது ஐந்துக்கும் குறைவு. எவ்வளவு இறக்கினோம், எவ்வளவு ஊற்றினோம் என்று அளந்து வைத்துக்கொண்டால் காற்று உள்ளே நிற்கிறதா என்பது ஹோஸைப் பிசையும் முன்பே தெரிந்துவிடும். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

தெர்மோஸ்டாட் மேலேயே சந்தேகம் இருந்தால் அடுப்படியில் சோதித்துவிடலாம். வால்வின் இடுக்கில் ஒரு தையல் நூலைக் கடிக்க விட்டு, அந்த நூலாலேயே அதைத் தண்ணீரில் தொங்கவிட வேண்டும். பாத்திரத்தின் அடியில் படக் கூடாது. பக்கத்தில் சமையல் தெர்மாமீட்டர். திறக்கிற கணத்தில் நூலை விட்டு 'டொக்' என்று விழும். அப்போது எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையது 72-இல் விழுந்தது, ஆக அது நல்ல சரக்குதான்.

ரேடியேட்டர் மூடியையும் மறக்க வேண்டாம். அதன் ஸ்பிரிங் சுமார் 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்தால் 125-க்கும் மேல் போகும். மூடியின் ரப்பர் காய்ந்திருந்தால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். முப்பது வயது காரில் மூடி விலை பார்க்காமல் மாற்ற வேண்டிய சாமான்.

கடைசியாக ஹெட் கேஸ்கட், அதாவது எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டுக்கும் அதன் அடிப்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் அடங்கிய ஒரு குழாயை வைத்து உறிஞ்சும் சோதனை இருக்கிறது. எரிந்த புகை கூலண்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். காற்றை எத்தனை தடவை வெளியேற்றினாலும் மறுபடி குமிழி வருகிறது என்றால் இந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள். மஞ்சளானால் கீழே எழுதியிருக்கும் எந்த வழியும் உதவாது.

இவை எல்லாம் சரி என்ற பிறகும் எனக்கு அந்த 72-ம் 108-ம் மிச்சம் இருந்தன. ஊசியை விட்டுவிட்டு, ஹெட்டின் பின்பக்கத்திலிருந்து கிளம்பும் ஹீட்டர் ஹோஸில் ஒரு சென்சார் வைத்து, எண்ணாகக் காட்டும் மீட்டர் ஒன்றைப் பொருத்தியிருந்தேன். எப்போது ஏறுகிறது என்று இரண்டு வாரம் குறித்து வைத்ததில்தான் வழி தெரிந்தது. நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன் பக்கம் போக வேண்டும். நிற்கும்போது சரியாக இருந்து, வேகத்திலும் ஏற்றத்திலும் மெதுவாக, விடாமல் ஏறினால் ரேடியேட்டரும் காற்றுப் பாதையும். எந்தக் காரணமும் இல்லாமல் துள்ளித் துள்ளி விழுந்தால் காற்று அல்லது கேஸ்கட். என்னுடையது சந்தேகமில்லாமல் இரண்டாவது வகை.

71 டிகிரியை வைத்துக்கொண்டு ஃபேனை முன்கூட்டியே போடுவது

கையில் இருப்பதை விட மனம் வராதவர்களுக்கு இது முதலில் தோன்றும். 97-க்குப் பதிலாக 85 வாக்கில் போடும் சுவிட்ச் ஒன்றைச் செருகினால் நெரிசலில் உண்மையாகவே பலன் இருக்கும். ஃபேன் வேலை செய்கிறதா என்று பார்க்க, பானெட்டுக்கு அடியில் இருக்கும் டயக்னாஸ்டிக் பெட்டியில் டி.எஃப்.ஏ. என்ற துளையையும் கிரவுண்டு துளையையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் போதும், சாவி ஆன் நிலையில் ஃபேன் சுற்றும். சுற்றவில்லை என்றால் மோட்டாரையோ ரிலேயையோ பாருங்கள். சுவிட்ச் வாங்கிப் பயனில்லை.

ஆனால் குளிர்காலக் கணக்கை இது தொடவே இல்லை. எஞ்சின் 72-இல் ஓடுகிறது என்றால் எரிபொருள் கணக்குப் போடும் கம்ப்யூட்டர் எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்றே நினைத்து அதிகப் பெட்ரோலைத் தெளிக்கும். மூன்று மாதம் கழித்து என் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். நான்கும் கரி பூசியது போலக் கறுத்திருந்தன. எஞ்சின் ஆயிலும் போதிய சூட்டுக்கு வராது, அதில் சேரும் ஈரம் ஆவியாகிப் போகாது. சின்னச் சின்னத் தூரம் ஓட்டுகிறவருக்கு இது கூடாது. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆசையாக வாங்கிய சாமான். ஆனால் தினமும் ஓட்டும் காருக்கு 71 டிகிரி தெர்மோஸ்டாட் நல்லதில்லை என்பதே நான் கண்டது. எஞ்சின் நாள் முழுக்க முழு வேகத்தில் கதறும் ரேஸ் காரில் அதன் கதை வேறு.

தெர்மோஸ்டாட்டே இல்லாமல் ஓட்டுவது

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடிச் சூட்டை எடுக்க நேரம் இல்லாமல் போகும் என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை, தண்ணீர் வேகமாக ஓடினால் சூடு குறைவாகக் கடத்தப்படுவதில்லை. உண்மையான சிக்கல் வேறு: காலையில் எஞ்சின் சூடாகவே சூடாகாது, மேலே சொன்ன கரியும் ஈரமும் இன்னும் மோசமாகும். என் வகை கோளாறுக்கு இது ஒரு நல்ல சோதனையாக மட்டும் பயன்படும். பழுதான தெர்மோஸ்டாட்தான் காரணமா என்று சந்தேகம் தீராவிட்டால், ஒரே ஒரு நாள் எடுத்துவிட்டு அதே ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். நான் பார்த்தேன். அப்போதும் 107. கதவே இல்லாத வீட்டில் கதவைக் குறை சொல்ல முடியாது அல்லவா? குற்றவாளி வெளியே இருக்கிறான் என்று அன்றைக்குத்தான் உறுதியானது.

பழையதற்குத் திரும்புவது

செலவு மிகக் குறைவு, அரை நாள் வேலை. 88 டிகிரி தெர்மோஸ்டாட், புது கேஸ்கட், புது மூடி, புது கூலண்ட். குளிர்காலத் தொல்லை ஒரே நாளில் தீரும். கோடைத் தொல்லை அப்படியே இருக்கும், ஏனென்றால் அது தெர்மோஸ்டாட்டால் வந்ததே இல்லை. பலர் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள்: பழையது போட்டும் சூடேறுகிறதே, அப்படியென்றால் சீக்கிரம் திறப்பதைப் போட்டது சரிதான் போலிருக்கிறது என்று மறுபடி அதற்கே தாவுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு நோய். 88-க்குத் திரும்புவது ஒன்றுக்கு மருந்து. மற்றதற்கு அடுத்த வழி.

ரேடியேட்டரும், அதைவிட முக்கியமாகக் காற்றும்

என் ரேடியேட்டரின் மேல் தொட்டி கறுப்பாக இல்லை. பழுப்பும் பச்சையும் கலந்த, காய்ந்த வாழைமட்டை நிறத்தில் இருந்தது. எம்.எக்ஸ்-5 வைத்திருக்கிறவர்களுக்கு இந்த நிறத்தைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். அலுமினிய உடலுக்கு மேல் கவ்வியிருக்கும் அந்தப் பிளாஸ்டிக், சூட்டில் வருடக்கணக்காக வெந்து நிறம் மாறி, ஒரு நாள் தையல் விட்ட மாதிரி வெடிக்கும். நிறம் மாறிவிட்டால் கசிகிறதா என்று காத்திருக்காமல் மாற்றிவிட வேண்டும்.

மாற்றுவதென்றால் இரண்டு தேர்வு. கம்பெனி அளவிலேயே புதியது, இல்லாவிட்டால் 37 மி.மீ. தடிமனுள்ள முழு அலுமினிய ரேடியேட்டர். அதைவிடத் தடிமனாக 50 மி.மீ.க்கு மேலும் கிடைக்கிறது. தடிமன் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் தடித்த உடலுக்குள் காற்று நுழைந்து வெளியேறச் சிரமப்படும். முன்பக்கம் காற்றை அடக்கிக் கொண்டுவரும் வழி சரியில்லாவிட்டால் பாதித் தடிமன் சும்மா நிற்கும். டர்போ இல்லாத 1.6-க்கு 37 மி.மீ. தாராளமாகப் போதும். ஃபேன் உறைகளும் இடிக்காமல் உட்காரும்.

இப்போது காற்று. இந்தக் காரின் வாய் சின்னது. அதில் நுழையும் காற்று ரேடியேட்டரைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது மூக்குக்கு அடியில் இருக்கும் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் தட்டு. அடித்தட்டு என்று வைத்துக்கொள்ளலாம். அது இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டருக்குக் கீழே எளிதான வழியைக் கண்டுபிடித்து நழுவிவிடும். அதுமட்டுமில்லை, காருக்கு அடியில் வேகமாக ஓடும் காற்று எஞ்சின் அறையிலிருந்து சூட்டை இழுத்துச் செல்வதும் கெட்டுப்போகும். அடியில் வேலை பார்க்கக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டாமல் விட்டுவிடுவதால் பழைய கார்கள் பலவற்றில் இந்தத் தட்டு காணாமல் போயிருக்கும். நான் காரை வாங்கும்போதே இல்லை. வாங்கின அன்று அதைக் கவனிக்காமல் பெயிண்ட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார் உடைக்கும் கிடங்கு ஒன்றில் ஒரு தட்டு கிடைத்தது. விளிம்பில் ஒரு விரிசல், இரண்டு கிளிப் துளைகள் பிய்ந்திருந்தன. வாஷர் வைத்து மாட்டினேன். ரேடியேட்டருக்குப் பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்கு இருந்த இடைவெளிகளையும் பஞ்சுப் பட்டையால் அடைத்தேன். ரேடியேட்டரை மாற்றும் முன்பே, வேண்டுமென்றே தட்டை மட்டும் முதலில் போட்டு அதே ஏற்றத்தில் ஓட்டினேன், எதனால் எவ்வளவு என்று தெரிய வேண்டும் என்று. 108 இருந்த இடத்தில் 103. ஒரு பிளாஸ்டிக் தட்டுக்கு ஐந்து டிகிரி! இறங்கிப் போய் அந்தத் தட்டைத் தட்டிக்கொடுத்தேன்.

தெர்மோஸ்டாட்டை எஞ்சினின் பின்பக்கத்துக்கு மாற்றுவது

இதுதான் மிகவும் ருசியான வழி, அதனாலேயே தேவையில்லாதவர்களையும் இழுக்கும் வழி. கதையைப் புரிந்துகொள்ள எஞ்சினின் பூர்வீகத்துக்குப் போக வேண்டும்.

மாஸ்டாவின் இந்த எஞ்சின் குடும்பம் பிறந்தது 323 போன்ற, முன்சக்கரங்களை ஓட்டும் சாதாரணக் கார்களுக்காக. ஆஸ்திரேலியாவில் ஃபோர்ட் லேசரிலும் வந்தது. அந்தக் கார்களில் எஞ்சின் குறுக்காகப் படுத்திருக்கும். வாட்டர் பம்ப் ஒரு முனையில், தெர்மோஸ்டாட் எதிர் முனையில். ஒரு முனையில் நுழையும் தண்ணீர் நான்கு சிலிண்டர்களையும் தாண்டி மறுமுனையில் வெளியேறியாக வேண்டும். 1989-இல் எம்.எக்ஸ்-5-க்காக அதே எஞ்சினை நெடுக்காகத் திருப்பினார்கள். பம்ப் முன்னால் வந்தது. தெர்மோஸ்டாட் இருந்த முனை டேஷ்போர்டுக்கு முன்னால் இருக்கும் ஃபயர்வாலோடு ஒட்டிக்கொண்டது. அங்கே இடம் இல்லை. எனவே தெர்மோஸ்டாட்டையும் முன்பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது நுழைவதும் முன்னால், வெளியேறுவதும் முன்னால். தண்ணீருக்குக் குறுக்கு வழி கிடைத்துவிட்டது. பின்னால் இருக்கும் நான்காவது சிலிண்டருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஹீட்டருக்குப் போகும் தண்ணீரின் ஓட்டம் மட்டும்.

சாதாரண சாலை ஓட்டத்தில் இது ஒரு குறையே இல்லை. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய கார்கள் இதற்குச் சாட்சி. டர்போ பொருத்தி இரட்டிப்பு சக்தி எடுக்கும்போதும், ரேஸ் டிராக்கில் தொடர்ந்து விரட்டும்போதும்தான் கடைசி சிலிண்டர் தனியாக வெந்துபோகும். அப்படிப்பட்டவர்கள் ஹெட்டின் பின்பக்கத்தில் ஸ்பேசர் என்ற ஓர் இடைத்துண்டை வைத்து, அங்கே தெர்மோஸ்டாட்டைப் பொருத்தி, அங்கிருந்து ரேடியேட்டருக்கு நீளமாக ஒரு ஹோஸ் இழுத்து, முன்பக்க ஓட்டையைத் தகடு போட்டு மூடுகிறார்கள். சில நூறு டாலருக்குத் தயார் கிட்கள் உண்டு. கையால் செய்கிறவர்கள் முதல் தலைமுறை கியா ஸ்போர்டேஜின் தண்ணீர்க் கழுத்தை எடுத்துப் போடுவார்கள். அதுவும் மாஸ்டா வழி வந்த எஞ்சின் என்பதால் பொருந்துகிறது.

நண்பர் ஒருவர் டர்போ காரில் இதைச் செய்திருக்கிறார், ஈஸ்டர்ன் க்ரீக் டிராக்குக்குப் போகிறவர். செய்த பிறகு ஒரு மாதம் அவரை ஒரு கோளாறு சுற்றியடித்தது. டிராக்கில் அருமையாக ஓடும் கார், வீட்டுக்குத் திரும்பும் வழியில் சிக்னலில் நின்றால் 105-க்கு ஏறும். காரணம் என்னவென்றால், ஃபேன் சுவிட்சை முன்பக்க மூடுதகட்டிலேயே விட்டுவைத்திருந்தார். முன்பு அங்கேதான் எல்லாச் சூட்டுத் தண்ணீரும் வெளியேறும். இப்போது அது முட்டுச்சந்து. பின்னால் 105 ஓடும்போது முன்னால் சுவிட்ச் இன்னும் 97-ஐப் பார்க்கவே இல்லை. சுவிட்சைப் பின்பக்க ஸ்பேசரில் இருந்த துளைக்கு மாற்றியதும் சரியானது.

பின்பக்க மாற்றம் செய்தவர்கள் தடுமாறும் இன்னோர் இடம் ஹீட்டர். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது அதைத் தாண்டிச் சூடான தண்ணீர் கொஞ்சமாவது ஓடிக்கொண்டிருந்தால்தான் மெழுகுக்குச் சேதி போகும். அந்த ஓட்டத்தைத் தருவது ஹீட்டர் சுற்று. டிராக் காரில் எடையைக் குறைக்கிறேன் என்று ஹீட்டரைக் கழற்றி இரண்டு முனைகளையும் அடைத்துவிட்டால், தெர்மோஸ்டாட் தேங்கிய தண்ணீரில் தூங்கும்; எஞ்சின் கொதித்த பிறகுதான் விழிக்கும். ஹீட்டர் இல்லாதவர்கள் தெர்மோஸ்டாட் விளிம்பில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று போடுவது இதற்காகத்தான். நீள ஹோஸ் எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் போகிறதா, எங்காவது உரசுகிறதா என்பதையும் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் இரண்டு தடவையாவது பார்க்க வேண்டும்.

என் காருக்கு இது வேண்டுமா என்று பலமுறை யோசித்தேன். மனசுக்குப் பிடித்த வேலை, செய்து பார்க்கும் ஆசையும் இருந்தது. ஆனால் என் சூடு நான்காவது சிலிண்டரின் சூடு இல்லை. மொத்தத் தண்ணீருமே காற்றில்லாமல் சூடாகிக்கொண்டிருந்தது. தண்ணீரின் பாதையை மாற்றினால் சிலிண்டர்களுக்குள் பங்கீடு சரியாகும், காற்றில் தள்ளப்படும் மொத்தச் சூடு கூடிவிடாது.

எந்தக் காருக்கு எது

டர்போ இல்லாத, சாலையில் ஓடும் காருக்கு என் பதில் தயக்கமில்லாதது: 88 டிகிரிக்குத் திரும்புங்கள், அடித்தட்டைப் போடுங்கள், ரேடியேட்டர் தொட்டி நிறம் மாறியிருந்தால் அதையும் மாற்றுங்கள், இந்த வரிசையில். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒரே நாளில் செய்துவிட்டால் எது உதவியது என்றே தெரியாது. நெரிசலில் மட்டும் ஏறும் கார் என்றால் முதலில் அந்த வயர்த் துண்டுச் சோதனை, பிறகு ஃபேன் சுவிட்ச். எப்போதாவது டிராக்குக்குப் போகிறவர் என்றால் 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் ஒரு நியாயமான நடுவழி. எஞ்சின் குளிர்ந்தே கிடக்காது, டிராக்கில் இறங்கும் முன் கொஞ்சம் அவகாசமும் கிடைக்கும். டர்போ போட்டிருந்தால் ரேடியேட்டரும் பின்பக்க மாற்றமும் இரண்டுமே வேண்டும், அதிலும் ரேடியேட்டர் முதலில். 71 டிகிரியை ரேஸ் காருக்குத் தவிர வேறு எதற்கும் சொல்ல மாட்டேன்.

நான் செய்தது முதல் வரிசை. 37 மி.மீ. ரேடியேட்டர் போட்ட மறுவாரம், வெளியே 36 டிகிரி இருந்த ஒரு மதியம், எமு பிளைன்ஸிலிருந்து அதே மலையேற்றம். மூன்றாம் கியரில், ஏசியைப் போட்டபடி. 94, 95, 97. அங்கேயே நின்றது. மேலே ஏறி முடித்து இறக்கத்தில் விட்டதும் 90-க்கு வந்தது. குளிர்காலத்தில் 89, 90 என்று அசையாமல் ஓடுகிறது, ஹீட்டர் காலைச் சுடுகிறது, பிளக்குகள் வெளிர்பழுப்பாகிவிட்டன.

அடுத்த கோடைக்குள் ஹீட்டர் ஹோஸ்கள் இரண்டையும் மாற்ற வேண்டும். பின்பக்க ஹோஸ் ஃபயர்வாலை ஒட்டி இருக்கிறது, கை நுழையாது. அதற்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாக ஒதுக்கி வைத்திருக்கிறேன்.